முதல் பக்கத்தில் வந்தால் மட்டும் போதுமா? செஞ்சியில் நான் கற்ற சர்ச் இன்ஜின் பாடம்

"வெப்சைட் தொடங்கி ஆறு மாதமாகிறது. கூகுளில் எவ்வளவு தேடினாலும் வரவே மாட்டேன் என்கிறதே!" இந்தப் புலம்பலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சிலர் புலம்பியும் இருப்பீர்கள். நானும் அப்படிப் புலம்பியவன்தான். புலம்பலைத் தீர்த்துக்கொள்ளப் பணம் கொடுத்து ஏமாந்தேன். அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் அதனால் நடந்துவிட்டது. அந்த அனுபவத்தையும், அதிலிருந்து கற்றுக்கொண்ட வழிமுறைகளையும் இங்கே தருகிறேன். சொந்தமாக ஒரு சிறிய தளம் வைத்திருப்பவர்களுக்கும், இனி வைக்கப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

எங்கள் ஊர் அனந்தபுரம். விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கு அருகில் உள்ள பேரூராட்சி. 2004 முதல் இங்கே டி.டி.பி. சென்டர் நடத்தி வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று எல்லாம் உண்டு. என் சித்தப்பா மகன் செஞ்சியில் கடன் வாங்கி ஒரு கார் எடுத்தான். கோட்டையைப் பார்க்க வருபவர்களை அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். "அண்ணே, எல்லாரும் போன்ல தேடித்தான் வர்றாங்க. நமக்கும் ஒரு சைட் போட்டுக் கொடுங்க" என்று 2024 தொடக்கத்தில் கேட்டான். மாதத் தவணை கட்ட வேண்டிய கவலை அவன் குரலில் தெரிந்தது. போட்டுக் கொடுத்தேன்.

தளம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மாதம் ஆகியும் ஒருவர்கூட வரவில்லை.

முதல் தவறு என்னுடையது

முதலில் நீங்கள் சோதிக்க வேண்டியது, உங்கள் தளம் இருப்பது கூகுளுக்குத் தெரியுமா என்பதைத்தான். இது மிக எளிது. கூகுள் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'சைட்' என்ற சொல்லை டைப் செய்து, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். கூகுள் எடுத்து வைத்திருக்கும் உங்கள் பக்கங்கள் பட்டியலாக வரும். எதுவும் வரவில்லை என்றால், உங்கள் தளம் கூகுளின் அட்டவணையில் ஏறவில்லை என்று கருதலாம்.

எனக்கு எதுவும் வரவில்லை. காரணத்தைத் தேடியபோது வெட்கமாகிவிட்டது. வேர்ட்பிரஸ் மூலம் தளம் அமைப்பவர்கள் செட்டிங்ஸ் பிரிவில் ரீடிங் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். தேடு இயந்திரங்கள் இந்தத் தளத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சிறிய கட்டம் கீழே இருக்கும். தளம் பாதி வேலையில் இருக்கும்போது யாரும் பார்க்க வேண்டாம் என்று நானே அதில் டிக் செய்திருந்தேன். வேலை முடிந்த பின் எடுக்க மறந்துவிட்டேன். கடையைத் திறந்து வைத்துவிட்டு, 'இன்று விடுமுறை' என்ற அட்டையை வாசலில் இருந்து எடுக்காமல் விட்டது போலத்தான்.

அடுத்த தவறு, எங்களைப் போன்ற பழைய டி.டி.பி. ஆட்களுக்கே உரியது. கோட்டை பற்றிய கட்டுரைகளை நான் புதிதாக டைப் செய்யவில்லை. முன்பு ஒரு சிறு நூலுக்காகப் பாமினி எழுத்துருவில் டைப் செய்து வைத்திருந்ததை அப்படியே எடுத்து ஒட்டினேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டருக்குள் இருப்பது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது எழுத்துரு. நம் கண்ணுக்கு 'செஞ்சி' என்று தெரிவது கூகுளுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். பிறகு எப்படித் தேடலில் வரும்?

தமிழ் இணையத்துக்கு இது பழைய நோய். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகளும், தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. அதற்கு முன்பே டிஸ்கி என்ற குறியீடு இருந்தது. இவை போதாதென்று ஒவ்வொரு பத்திரிகைத் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டிருந்த காலமும் உண்டு. அந்தத் தளங்களில் வந்த எத்தனையோ நல்ல கட்டுரைகள் தேடலில் சிக்காமலே போயின. தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணை வெளியிட்டது. இன்று போனில் நீங்கள் டைப் செய்யும் தமிழ் எல்லாமே யூனிகோடுதான். உங்களிடம் பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகள் இருந்தால், தளத்தில் ஏற்றுமுன் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒற்று, கொம்பு, கால் ஆகியவை சரியாக விழுந்திருக்கின்றனவா என்று ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

மேலும், கடையின் பெயர், போன் நம்பர், கோட்டையின் சிறப்புகள் ஆகிய அனைத்தையும் ஒரே படமாக வடிவமைத்து முகப்பில் போட்டிருந்தேன். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடு இயந்திரத்தை அழைக்க முடியாது. முக்கியமான செய்தி எதுவாக இருந்தாலும் அதை எழுத்தாகவே எழுதுங்கள்.

"முப்பது நாளில் முதல் பக்கம்"

இவற்றை எல்லாம் நான் பிறகுதான் கண்டுபிடித்தேன். அதற்குள் பொறுமை இழந்து ஓர் ஏஜென்ட்டைப் பிடித்தேன். 'முப்பது நாளில் கூகுள் முதல் பக்கம், உத்தரவாதம்' என்று போனில் சொன்னார். பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்தேன். என் டிக் அடையாளத்தை முதல் நாளே எடுத்துவிட்டார். அந்த ஒன்றுக்கு மட்டும் அவருக்கு நன்றி.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. "உங்கள் தளம் முதல் இடத்தில் இருக்கிறது" என்று படம் பிடித்து அனுப்பியிருந்தார். உண்மைதான். ஆனால் எந்தத் தேடலுக்கு? 'அனந்தபுரம் செஞ்சி கோட்டை பெஸ்ட் லோ காஸ்ட் கார் சர்வீஸ்' என்ற தேடலுக்கு! இப்படி டைப் செய்து தேடுகிற மனிதர் உலகில் யாராவது இருப்பாரா? யாரும் தேடாத சொற்களுக்கு முதல் இடம் பிடிப்பது ஒரு சாதனையே அல்ல. யாராவது உங்களிடம் முதல் இடம் என்று சொன்னால், "எந்தச் சொல்லுக்கு? அந்தச் சொல்லை யார் தேடுகிறார்கள்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

வருகை எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. தம்பி ஒரு நாள் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, ஆயிரம் பேர் பாத்திருக்காங்கன்னு அவர் சொல்றாரு. ஒருத்தர்கூட போன் பண்ணலையே?" என்றான். பார்த்தால், வந்தவை பெரும்பாலும் தானியங்கி புரோகிராம்கள். மனிதர்கள் அல்ல. நமக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத வெளிநாட்டுச் சூதாட்டப் பக்கங்களில் இருந்தெல்லாம் நம் தளத்துக்கு லிங்க் கொடுக்கப்பட்டிருந்தது.

இந்த லிங்க் விவகாரத்தைச் சற்று விளக்க வேண்டும். லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோது அவர்களின் புதுமையே லிங்க்குகளை எடை போடுவதுதான். ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு லிங்க் கொடுத்தால் அதை ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொண்டார்கள். நல்ல தளத்தின் பரிந்துரைக்கு மதிப்பு அதிகம். இதைப் புரிந்துகொண்டவுடன் ஒரு கூட்டம் லிங்க்குகளை விற்கத் தொடங்கியது. கூகுளும் சும்மா இருக்கவில்லை. 2006-ல் தேடு இயந்திரத்துக்கு ஒன்றும், வாசகருக்கு இன்னொன்றும் காட்டிய காரணத்துக்காக பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே தன் அட்டவணையில் இருந்து சில நாள் நீக்கிவிட்டது. 2011-ல் ஜே.சி. பென்னி என்ற பெரிய அமெரிக்கக் கடையின் தளம், சம்பந்தமில்லாத பக்கங்களில் அதற்காக வைக்கப்பட்டிருந்த லிங்க்குகளால் மேலே இருப்பதை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. உடனே அந்தத் தளம் கீழே தள்ளப்பட்டது. இப்படி லிங்க் மோசடி செய்யும் தளங்களைக் குறிவைத்து 2012 ஏப்ரலில் பெங்குயின் என்ற மாற்றத்தையும் கூகுள் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், அனந்தபுரத்து டி.டி.பி. சென்டர் எம்மாத்திரம்?

ஆயிரம் சர்ச் இன்ஜின்களில் பதிவு செய்து தருகிறோம், கீ வேர்டு டேக் போட்டுத் தருகிறோம் என்று இன்றும் சிலர் விற்கிறார்கள். கீ வேர்டு டேக்கைத் தன் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே கூகுள் அறிவித்துவிட்டது. காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

படியில் உட்கார்ந்த அம்மா

பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஏஜென்ட் செய்த இன்னொரு வேலையை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். நிறைய பேர் தேடுகிறார்கள் என்பதற்காக ஒரு பக்கத்தின் தலைப்பை 'செஞ்சிக் கோட்டை: எல்லா வயதினரும் எளிதில் ஏறலாம்' என்று மாற்றியிருந்தார். யூனிகோடு எழுத்தில் இருந்த ஒரே பக்கம் அதுதான். அதனால் அது மட்டும் தேடலில் மேலே வரத் தொடங்கியது. தம்பிக்குச் சில அழைப்புகளும் வந்தன. நானும் மகிழ்ந்தேன்.

2024 டிசம்பர் விடுமுறையில் ஒரு குடும்பம் சென்னையில் இருந்து வந்தது. மகன், மருமகள், எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா. மூவரும் ராஜகிரியில் ஏறத் தொடங்கியிருக்கிறார்கள். பாதி வழியில் அம்மாவுக்கு முட்டி மடக்க முடியவில்லை. வெயில் ஏறிவிட்டது. கையில் இருந்த பழப் பையைக் குரங்கு பறித்துக்கொண்டு போய்விட்டது. தம்பி பதறிப்போய் எனக்குப் போன் செய்தான். நான் போய்ச் சேர்ந்தபோது, இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து ஒவ்வொரு படியாக அந்த அம்மாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முழுதாக இறங்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

கீழே வந்ததும் மகன் போனைத் திறந்து என்னிடம் காட்டினார். "எல்லா வயசுக்காரங்களும் ஈஸியா ஏறலாம்னு நீங்கதானே சார் போட்டிருக்கீங்க? இதை நம்பித்தான் அம்மாவைக் கூட்டிட்டு வந்தேன்."

என்னிடம் பதில் இல்லை. ராஜகிரி 800 அடி உயரம். உச்சிக்குப் போகும் முன் ஒரு பிளவின் மேல் பாலம் கடந்து போக வேண்டும். சின்ன வயதில் இருந்து ஏறிப் பழகிய எனக்கே மூச்சு வாங்கும். அதைத்தான் 'எளிதில்' என்று என் தளம் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாதான் பேச்சை மாற்றினார். கல்யாண மகாலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர், "விடுப்பா. கீழேயே இவ்ளோ இருக்குதே. இதெல்லாம் இருக்குன்னு யாரும் எழுதலையா?" என்று கேட்டார்.

யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

நோட்டுப் புத்தகம்தான் கீ வேர்டு

அன்று இரவே அந்தத் தலைப்பை நீக்கினேன். மறுநாள் தம்பியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "உனக்குப் போன் செய்கிற ஒவ்வொருவரும் முதலில் என்ன கேட்கிறார்களோ, அதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வை" என்றேன்.

இரண்டு வாரத்தில் நோட்டில் சேர்ந்த கேள்விகளைப் பாருங்கள்: 'வயசானவங்க ஏற முடியுமா?', 'ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?', 'மேலே தண்ணி கிடைக்குமா?', 'குரங்கு தொல்லை இருக்கா?', 'ராஜகிரி, கிருஷ்ணகிரி ரெண்டையும் ஒரே நாள்ல பாக்கலாமா?', 'திருவண்ணாமலை போற வழியில ரெண்டு மணி நேரம்தான் இருக்கு, எதைப் பாக்கறது?' ஒருவர்கூட 'பெஸ்ட் லோ காஸ்ட்' என்று கேட்கவில்லை.

கீ வேர்டு ஆராய்ச்சி என்று பெரிய பெயரில் விற்கப்படுவது இதைத்தான். நீங்கள் தையல் கடை வைத்திருந்தாலும், நாற்றுப் பண்ணை வைத்திருந்தாலும் உங்கள் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளே உங்கள் கீ வேர்டுகள். கூகுள் தேடல் கட்டத்தில் பாதிச் சொல்லை டைப் செய்தால் கீழே விரியும் பட்டியலையும் பாருங்கள். மற்றவர்கள் தேடுவதை அது காட்டும்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் என்று எழுதினேன். ஏறாமலே பார்க்கக்கூடியவை என்ற பக்கத்தை முதலில் எழுதினேன். கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம், வெங்கட்ரமணர் கோயில், சாதத்துல்லாகான் மசூதி ஆகியவை எல்லாம் மலையடிவாரத்திலேயே இருப்பவை. எங்கே நிழல் உண்டு, எங்கே உட்காரலாம், எவ்வளவு நடக்க வேண்டும் என்பதை நானே நடந்து பார்த்து எழுதினேன். அதே பக்கத்தில், 'முட்டி வலி உள்ளவர்கள் ராஜகிரி ஏற வேண்டாம்' என்று முதல் வரியிலேயே போட்டேன்.

"அண்ணே, வராதீங்கன்னு நாமளே சொன்னா யாரு வருவா?" என்று தம்பி தயங்கினான். ஆனால் சில மாதங்களில் அதிகம் பேர் வந்து படித்த பக்கம் அதுதான். பெற்றோரை அழைத்துக்கொண்டு வருபவர்கள் அதைப் படித்துவிட்டே அவனுக்குப் போன் செய்கிறார்கள்.

எந்தச் செஞ்சி? எந்த அனந்தபுரம்?

ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. நாம் செஞ்சி என்கிறோம். ஆங்கிலேயர் விட்டுச் சென்ற எழுத்துக்கூட்டல் ஜி, ஐ, என், ஜி, ஈ, ஈ. நம் ஒலிப்பை அப்படியே ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் எஸ், ஈ, என், ஜே, ஐ என்று டைப் செய்கிறார்கள். மராத்திக்காரர்கள் ஜிஞ்சி என்பார்கள்.

இது சிறிய விஷயம் அல்ல என்பது 2025 ஜூலையில் புரிந்தது. யுனெஸ்கோ அமைப்பு அந்த மாதம் 11-ம் தேதி, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிராவில் இருப்பவை. மீதம் உள்ள ஒன்று நம் செஞ்சி. 1677-ல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். மொகலாயர் 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. அவ்வளவு காலம் சிவாஜியின் மகன் ராஜாராமுக்கு இடம் கொடுத்த கோட்டை என்பதால் மராத்தியர்களுக்கு இதன் மேல் தனிப் பாசம். அறிவிப்புக்குப் பின் தம்பிக்கு இந்தியில் அழைப்புகள் வரத் தொடங்கின. எல்லாரும் கேட்டது 'ஜிஞ்சி'யைத்தான். எங்கள் தளத்தில் அந்தச் சொல்லே இல்லை!

இதற்கு நேர்மையான தீர்வு எளிது. முதல் பத்தியிலேயே, செஞ்சி ஆங்கிலத்தில் எப்படி எழுதப்படுகிறது, மராத்தியில் எப்படி வழங்கப்படுகிறது என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். மராத்தி தெரிந்த ஒருவரைக் கொண்டு அந்த மொழியில் ஒரு பக்கமும் எழுதிச் சேர்த்தேன். ஒரே சொல்லை ஐம்பது முறை திணிப்பது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைப்பது போன்ற வேலைகளைச் செய்யாதீர்கள். தேடு இயந்திரங்களுக்கு அவை பழைய தந்திரங்கள்.

எங்கள் அனந்தபுரத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் திருவனந்தபுரம் வரும். ஆந்திராவின் அனந்தபுரமு மாவட்டம் வரும். கேரளத்தின் காசர்கோடு அருகே உள்ள அனந்தபுரம் ஏரிக் கோயில் வரும். அங்கே பபியா என்ற முதலை இருந்தது. கோயில் பிரசாதம் சாப்பிட்டு வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட அந்த முதலை 2022 அக்டோபரில் இறந்துவிட்டது. ஆனாலும் தேடலில் எங்கள் பேரூராட்சியை அதுதான் முந்திக்கொண்டு நிற்கும்!

அந்த முதலையோடு போட்டி போட முடியாது. போடவும் தேவையில்லை. 'அனந்தபுரம், செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்' என்று முழு முகவரியாக எழுதினேன். எங்களுக்கு அருகில் உள்ள பனமலை தாளகிரீசுவரர் கோயிலைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கோயில் அது. அங்குள்ள பார்வதி ஓவியம் பெயர்பெற்றது. 'பனமலை ஓவியம் பார்க்க எப்படிப் போவது' என்று தேடுபவர் சிலர்தான். ஆனால் அந்தச் சிலரில் பெரும்பாலோர் உண்மையாகவே கிளம்பி வருகிறவர்கள். பெரிய சொல்லுக்குக் கடைசி இடத்தில் நிற்பதைவிட, சிறிய சொல்லுக்கு முன்னால் நிற்பது சிறு தளங்களுக்கு நல்லது.

நீங்களே செய்யலாம்

இனி செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன். எதற்கும் கட்டணம் இல்லை.

1. கூகுள் சர்ச் கன்சோல்: உங்கள் கூகுள் கணக்கின் மூலம் இதில் நுழைந்து தளத்தின் முகவரியைச் சேர்க்கவும். தளம் உங்களுடையதுதான் என்று உறுதி செய்யச் சொல்லும். அதற்கான வழிகளையும் அதுவே காட்டும். பின்னர் சைட்மேப் கோப்பின் முகவரியைக் கொடுத்துவிடவும். பெர்ஃபார்மன்ஸ் என்ற அறிக்கையில், என்ன சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற விவரம் 16 மாதம் வரை கிடைக்கும். நிறைய பேருக்குக் காட்டப்பட்டும் கிளிக் விழவில்லை என்றால் தலைப்பைத் திருத்துங்கள். பிங் தேடு இயந்திரத்துக்கும் இது போன்ற வெப்மாஸ்டர் டூல்ஸ் உண்டு.

2. தலைப்பு: ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். எல்லாப் பக்கத்திலும் 'ஹோம்', 'வெல்கம்' என்று வைக்காதீர்கள். தலைப்பு நீண்டால் தேடல் முடிவில் பாதியில் வெட்டுப்படும். பக்கத்தில் இல்லாத ஒன்றைத் தலைப்பில் சொல்லவே சொல்லாதீர்கள்.

3. படங்கள்: கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றினால், போனில் பார்ப்பவருக்குப் பக்கம் திறக்கவே நேரமாகும். அளவைக் குறைத்து ஏற்றுங்கள். ஆல்ட் என்ற இடத்தில், படத்தில் இருப்பதை ஒரு வரியில் எழுதுங்கள். கூகுள் இப்போது தளத்தின் போன் வடிவத்தைத்தான் முதன்மையாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எனவே தளத்தை முடித்தவுடன் உங்கள் போனிலேயே ஒரு முறை திறந்து பாருங்கள்.

4. பிசினஸ் புரொஃபைல்: கடை அல்லது சேவை நடத்துபவர்கள் கூகுளின் பிசினஸ் புரொஃபைலில் பதிவு செய்துகொள்ளுங்கள். வரைபடத்தில் உங்கள் பெயர் வரும். பலகையில் உள்ள உண்மையான பெயரையே கொடுங்கள். பெயரோடு 'பெஸ்ட்', 'நம்பர் ஒன்' என்று ஒட்ட வைப்பது விதிகளுக்கு மாறானது.

5. லிங்க்: காசுக்கு வாங்காதீர்கள். நீங்கள் எழுதியது பயன்பட்டால், அருகில் உள்ள விடுதி, பயணக் குழு, பள்ளி ஆசிரியர் என்று யாராவது தாமாகவே லிங்க் தருவார்கள். விக்கிப்பீடியாவில் உங்கள் தளத்தின் லிங்கைச் சொருகவும் முயல வேண்டாம். அங்குள்ள வெளி இணைப்புகளைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற குறிப்பு அவற்றில் உண்டு. எனவே தரவரிசைக்கு உதவாது. கட்டுரையும் கெடும்.

6. புதுப்பித்தல்: நுழைவு நேரம், கட்டணம் போன்றவை மாறக்கூடியவை. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால், அவர்கள் அறிவிப்பைப் பார்த்தே திருத்துகிறேன். கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் பக்கத்தில் போடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2024 ஆகஸ்ட் முதல் சில தேடல்களுக்குச் செயற்கை நுண்ணறிவு தயாரித்த சுருக்கத்தை கூகுள் மேலே காட்டுகிறது. அதைப் படித்துவிட்டுத் தளத்துக்கு வராமல் போகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்தச் சுருக்கமும் யாரோ எழுதிய பக்கங்களில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. எங்கே நிழல் இருக்கிறது என்பதை நேரில் நடந்து பார்த்து எழுத ஒரு மனிதர் தேவைப்படுகிறார். அந்த இடம் நம்மைப் போன்ற சிறிய தளங்களுக்கு இன்னும் இருக்கிறது.

தம்பியின் நோட்டு இப்போது மூன்றாவதாக ஓடுகிறது. கார் தவணை தவறாமல் கட்டப்படுகிறது. முதல் இடத்தில் வருகிறோமா என்று நான் தினமும் பார்ப்பதை விட்டுவிட்டேன். தேடலில் மேலே வரும் ஒவ்வொரு வரியையும் நம்பி ஒருவர் வீட்டில் இருந்து கிளம்புகிறார். அவரோடு ஒரு வயதான அம்மாவும் இருக்கலாம். ஒவ்வொரு பக்கத்தையும் வெளியிடும் முன் அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலையாக, மேலே சொன்ன 'சைட்' தேடலை இன்றே உங்கள் தளத்துக்குச் செய்து பாருங்கள். ரீடிங் பக்கத்தின் அந்தச் சின்னக் கட்டத்தையும் மறந்துவிட வேண்டாம்!